வீட்டைப் பூட்டி இழுக்க எந்த வண்டி?

இழுக்கும் பலம் மட்டும் போதாது. இறக்கத்தில் நிற்கும் பலமும் வேண்டும்!

சென்னைத் தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. 1994-ம் ஆண்டு அங்கே திரைப்பட நகரமும் திறக்கப்பட்டது. அதனால் அந்த வட்டாரத்து ஜனங்களுக்குக் "கேரவன்" என்ற சொல் புதிதல்ல.

படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் பஸ் போன்ற பெரிய வண்டி ஒன்று நிற்கும். உள்ளே சோபா, கண்ணாடி, குளிர்சாதனம், குளியலறை எல்லாம் இருக்கும். நடிகர், நடிகைகள் அதில்தான் ஓய்வு எடுப்பார்கள். வேஷம் போட்டுக் கொள்வதும் அதில்தான்.

அந்தக் கேரவனுக்குச் சொந்த என்ஜின் உண்டு. டிரைவர் ஏறி உட்கார்ந்தால் அதுவே ஓடும்.

வேறு ஒரு வகைக் கேரவனும் உண்டு. அதற்கு என்ஜின் கிடையாது. ஸ்டீரிங் கிடையாது. சக்கரம் வைத்த சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு மோட்டார் வண்டி அதைப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் விடுமுறை வந்தால் குடும்பங்கள் இப்படிப் புறப்படுவது சாதாரணம். பிடித்த இடத்தில் வீட்டைக் கழற்றி நிறுத்துவார்கள். இழுத்து வந்த வண்டியில் ஏறி ஊர் சுற்றுவார்கள். அந்த நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த ஆசை வருகிறது.

நம் நாட்டில் இன்றும் என்ஜின் உள்ள கேரவன்தான் அதிகம். கேரள அரசு 2021-ம் ஆண்டு கேரவன் சுற்றுலாத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதற்கு வந்தவையும் பஸ் போன்ற வண்டிகளே. என்ஜின் இல்லாத கேரவன் இங்கே அபூர்வம். ஆனாலும் ஆசை யாரை விட்டது?

தரமணியில் ஒரு குடும்பம் அப்படி ஒரு கேரவன் வாங்க நினைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு குழந்தைகள். கோடை விடுமுறைக்கு உதகைக்குப் போக வேண்டும். கேரவனை இழுக்க ஒரு பிக்-அப் வண்டி வேண்டும்.

எந்தப் பிக்-அப்?

"குதிரைசக்தி அதிகமாக இருப்பதை வாங்கு" என்பார் ஒருவர். "டீசல் வண்டியாகப் பார்த்து வாங்கு" என்பார் இன்னொருவர். இரண்டும் முழு விடை அல்ல. தவறான வண்டியைப் பூட்டினால் பணம் மட்டும் போகாது. உயிரும் போகலாம்.

இழுப்பது எளிது

திருவிழாக் கண்காட்சியில் பலசாலி ஒருவர் கயிற்றைக் கட்டி லாரியை இழுப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு மனிதன் ஒரு லாரியை இழுக்கிறான்! எப்படி?

சமதரையில் உருளும் சக்கரத்தை இழுக்க அதிக பலம் வேண்டாம். மெதுவாக அசைத்து விட்டால் போதும். லாரி உருளும்.

ஆனால் உருளும் அந்த லாரியை அதே மனிதனால் நிறுத்த முடியுமா? முடியாது. இறக்கமாக இருந்தால் அவனையே இழுத்துக் கொண்டு போய்விடும்.

கேரவன் விஷயமும் இதுதான். சமதரையில் சின்ன வண்டி கூடப் பெரிய கேரவனை இழுத்து விடும். "பார், எவ்வளவு சுலபமாக இழுக்கிறது!" என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மேடு வந்தால் என்ஜின் திணறும். அது பெரிய மோசம் இல்லை. பள்ளம் வந்தால்தான் மோசம். பின்னால் இருக்கும் வீடு முன்னால் இருக்கும் வண்டியைத் தள்ளும்.

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இருக்கிறது. லாரி டிரைவர்களைக் கேட்டால் அந்த இறக்கத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதியது உண்டு. அந்த லாரிகளுக்கு இழுக்கும் பலம் குறைவா? இல்லை. நிற்கும் பலம்தான் போய்விட்டது.

ஆகவே பிக்-அப் வாங்கும்போது "எவ்வளவு இழுக்கும்?" என்பதோடு "எவ்வளவு சுமக்கும்? எப்படி நிற்கும்?" என்றும் கேட்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தைப் பார்

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, ஆளும் சாமானும் இல்லாத வெறும் வண்டியின் எடை. மற்றொன்று, எல்லாம் ஏற்றிய பிறகு அந்த வண்டி இருக்கக் கூடிய மொத்த எடை. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பது தெரியும்.

கேரவன் இழுக்கிறவர்கள் இன்னும் இரண்டு எண்களைத் தெரிந்து கொள்ள வேண்டும். எவ்வளவு எடையுள்ள கேரவனை இழுக்கலாம் என்பது ஒன்று. பிக்-அப்பும் கேரவனும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பது மற்றொன்று. இவை வண்டிக் கம்பெனியின் கையேட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனியிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொல்லும் கணக்கு போதாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மாக்ஸ் ஆகிய பிக்-அப்கள் ஆஸ்திரேலியாவில் பிரபலம். அங்கே இவற்றின் பெரிய வகைகள் பிரேக் உள்ள 3,500 கிலோ கேரவனை இழுக்கலாம் என்று கம்பெனிகளே குறித்திருக்கின்றன. இந்தப் பெயர்களில் நம் நாட்டிலும் பிக்-அப் வருகிறது. இசுசு வண்டி சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகிறது. ஹைலக்ஸ் 2022-ல் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் பெயர் ஒன்று என்பதால் எல்லாம் ஒன்றாகி விடாது. என்ஜின் வேறு, ஸ்பிரிங் வேறு, குறித்த எடை வேறாக இருக்கலாம். வெளிநாட்டு எண்ணை நம்பி உள்நாட்டு வண்டியில் கேரவனைப் பூட்டக் கூடாது.

ஒரு சிமெண்ட் மூட்டைதான் மிச்சம்!

இனி தரமணிக் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குச் சொல்லப்படுபவை.

வெறும் கேரவன் 1,400 கிலோ. "அவ்வளவுதானே?" என்று தோன்றும். ஆனால் வெறும் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்?

தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக 100 கிலோ. பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்கு மாடி வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டு போகும் லாரிகளைத் தரமணிவாசிகள் தினமும் பார்க்கிறார்கள். 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீர் மட்டும் 12 டன். தண்ணீர் பார்க்கத்தான் லேசு!

சமையல் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ. இரும்போடு சேர்த்தால் சுமார் 30 கிலோ. பாத்திரம், அரிசி, பருப்பு 70 கிலோ. துணிமணி, படுக்கை 80 கிலோ. நாற்காலி, கூடாரத் துணி, கருவிகள் 70 கிலோ. பாட்டரி 50 கிலோ.

எல்லாம் கூட்டினால் 1,800 கிலோ. வாங்கும்போது 1,400, புறப்படும்போது 1,800!

இந்த 1,800 கிலோவும் கேரவனின் சக்கரங்கள்மீது மட்டும் உட்காராது. ஒரு பங்கு பிக்-அப்பின் பின்புறத்தில் அழுத்தும். அந்தப் பங்கு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் உள்ள வழக்கம். நடுவில் வைத்துப் பன்னிரண்டரை என்று கொண்டால் 225 கிலோ.

பிக்-அப்பின் வெறும் எடை 1,950 கிலோ. மொத்த எடை 2,510 கிலோ வரை போகலாம். ஆகச் சுமக்கக் கூடியது 560 கிலோ.

அப்பா 75, அம்மா 60, பாட்டி 55, இரண்டு குழந்தைகளும் சேர்ந்து 60. மொத்தம் 250 கிலோ. கேரவனைப் பூட்டும் இரும்புச் சாமான் 30 கிலோ. கேரவனின் அழுத்தம் 225 கிலோ. கூட்டினால் 505 கிலோ.

560-ல் 505 போனால் மிச்சம் 55 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அதாவது பிக்-அப்பின் பின்பக்கம் அவ்வளவு பெரிய இடம் காலியாக இருந்தும், ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மேல் ஏற்ற முடியாது!

விளம்பரத்தில் "இத்தனை டன் இழுக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண் தீருவதற்கு முன்பே சுமக்கும் எண் தீர்ந்து போகும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

மயிலிறகை ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். பிக்-அப்புக்கும் அது பொருந்தும்.

மாட்டு வண்டிக்காரர் அறிந்த பாடம்

கேரவனைப் பூட்டும் விதம் எளிது. பிக்-அப்பின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். கேரவனின் முன்தண்டு நுனியில் ஒரு கிண்ணம் இருக்கும். குண்டின்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பூட்டுவார்கள். குண்டும் கிண்ணமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போடுவார்கள். பூட்டு கழன்றாலும் முன்தண்டு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

இதில் பாரம் எங்கே இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் மாட்டு வண்டிக்காரர் என்றோ விடை கண்டு விட்டார்.

மூட்டைகளை வண்டியின் முன்பக்கம் அதிகம் அடுக்கினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். மாடு நடக்க முடியாமல் தவிக்கும். பின்பக்கம் அதிகம் அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும். கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். நல்ல வண்டிக்காரர் அச்சுக்குச் சற்று முன்னே பாரம் நிற்கும்படி அடுக்குவார். நுகத்தடி மாட்டின் கழுத்தில் லேசாக உட்கார்ந்திருக்கும்.

கேரவனுக்கும் இதே விதி. முன்பாரம் அதிகமானால் பிக்-அப்பின் பின்புறம் தாழும், முன்சக்கரம் லேசாகும். ஸ்டீரிங் பிடிப்பு குறையும். பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ராத்திரியில் விளக்கு வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

பின்பாரம் அதைவிட மோசம். கேரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் வளர்ந்து பாம்பு போல் நெளியும். வேகமாக ஒரு பஸ் முந்திச் சென்றாலே போதும், அந்தக் காற்றில் ஆட்டம் தொடங்கி விடும். கடைசியில் கேரவன் பிக்-அப்பையும் புரட்டி விடும்.

ஆட்டம் கண்டால் பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக் கொள்ள வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். கேரவனுக்குத் தனி பிரேக் இருந்து, அதைக் கையால் இயக்கும் வசதியும் இருந்தால், அதை மட்டும் அழுத்த வேண்டும். கேரவன் பின்னுக்கு இழுத்து, நேராக வந்து விடும். பிறகு வண்டியை ஓரம் கட்டி, சாமான்களை இடம் மாற்றி அடுக்க வேண்டும்.

பிக்-அப்பின் பின்புறம் தாழாமல் இருக்க விற்கம்பி வைத்த இணைப்பும் கிடைக்கிறது. அது அழுத்தத்தில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்குத் தள்ளும். ஆனால் அது வண்டியின் எல்லையை உயர்த்தாது. 560 கிலோ சுமக்கும் வண்டி அப்போதும் 560 கிலோதான் சுமக்கும்.

தேருக்கு முட்டுக்கட்டை

திருவாரூர் ஆழித்தேர் உலகப் புகழ் பெற்றது. அலங்காரம் செய்து நிறுத்தினால் உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள்.

அந்தத் தேரில் மிகப் பொறுப்பான வேலை யாருடையது? வடம் பிடிப்பவர் வேலையா? இல்லை. சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு நடப்பவர் வேலைதான். சரியான நேரத்தில் கட்டையைப் போட்டால் தேர் நிற்கும், திரும்பும். ஒரு கணம் தவறினால் ஆபத்து. இக்காலத்தில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் முட்டுக்கட்டை போகவில்லை.

கேரவனுக்கும் தன் சொந்த முட்டுக்கட்டை வேண்டும். அதாவது, கேரவனின் சக்கரங்களில் தனி பிரேக் வேண்டும். பிக்-அப்பில் பிரேக்கை மிதித்தவுடன் கேரவனிலும் பிரேக் பிடிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குப் பிரேக் இருந்தே தீர வேண்டும். 2,000 கிலோவுக்கு மேலானால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். வழியில் பூட்டு கழன்று போனால் அந்த பிரேக் தானாகவே பிடிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் ஞாபகத்தில் இருக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் மிதித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சரியாக நிற்கும் வண்டி 80-ல் போகும்போது அதே இடத்தில் நிற்கும் என்று எண்ணக் கூடாது.

"ஹெவி டியூட்டி" என்றால் என்ன?

அமெரிக்காவில் பிக்-அப்களை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று மூன்று வகையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அவை சுமந்த எடை அது. இன்று அவை அதைவிட எவ்வளவோ அதிகம் சுமக்கின்றன. பெயர் மட்டும் மாறவில்லை. போர்டு கம்பெனி 1953-ம் ஆண்டு எப்-100, எப்-250, எப்-350 என்று இந்த மூன்று வகைக்கும் பெயர் வைத்தது. முக்கால் டன், ஒரு டன் வகைகளைத்தான் இன்று "ஹெவி டியூட்டி" என்கிறார்கள்.

அரை டன் வண்டிக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம்?

முதலாவது, சேஸிஸ். கூண்டு கட்டாத லாரிச் சேஸிஸை டிரைவர்கள் காற்றிலும் வெயிலிலும் ஓட்டிக் கொண்டு நாமக்கல்லுக்கும் கரூருக்கும் போவதை நெடுஞ்சாலையில் பார்க்கலாம். ஏணி போல இரண்டு நீண்ட சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். பிக்-அப்பின் எலும்பும் அதுதான். ஹெவி டியூட்டி வண்டியில் அந்த எலும்பு இன்னும் தடிமன்.

இரண்டாவது, பின் அச்சு. சாதாரண வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டே பாரத்தையும் தாங்கும். பெரிய வண்டியில் வெளிக் கூடு பாரத்தைத் தாங்கும். உள்ளே இருக்கும் தண்டு சுழற்றுகிற வேலையை மட்டும் செய்யும். லாரிகளில் இருப்பது இந்த முறைதான்.

மூன்றாவது, ஸ்பிரிங், டயர், பிரேக் எல்லாமே பெரியவை. ஒரு டன் வகையில் பின்பக்கம் லாரி போல இரட்டைச் சக்கரம் வைத்ததும் உண்டு.

நான்காவது, இறக்கத்தில் என்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் வசதி. டீசல் வண்டிகளில் புகை வெளியேறும் வழியை நெருக்கி, என்ஜினையே முட்டுக்கட்டை ஆக்கி விடுவார்கள். பிரேக் சூடாகாமல் இருக்கும்.

இவ்வளவு பெரிய வண்டி எப்போது தேவை? கேரவன் 4,500 கிலோ என்றால், முன்பாரம் மட்டும் 560 கிலோவுக்கு மேல் வரும். மேலே சொன்ன பிக்-அப்பின் முழுச் சுமையும் அதிலேயே தீர்ந்து விடும். பிறகு அப்பா எங்கே உட்காருவார்? அம்மாவும் பாட்டியும் எங்கே உட்காருவார்கள்? அந்த அளவுக் கேரவனுக்கு ஹெவி டியூட்டிதான் வேண்டும்.

கேரவன் சின்னதானால் பெரிய வண்டி வீண் செலவு. விலை அதிகம், எண்ணெய் அதிகம். வெறுமனே ஓட்டும்போது முதுகு வலிக்கும் அளவுக்குத் தூக்கிப் போடும். தரமணிச் சந்துகளில் நிறுத்தவும் இடம் கிடைக்காது.

இன்னொரு பக்கம், 2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டியைத் தமிழ்நாட்டு ஜனங்கள் "குட்டி யானை" என்று செல்லமாக அழைக்கிறார்கள். பெயர் யானைதான்! ஆனால் அது தெருவுக்குத் தெரு சாமான் கொண்டு போகப் பிறந்த வண்டி. வீட்டை இழுக்கப் பிறந்தது அல்ல.

ஆகவே முதலில் கேரவனைத் தீர்மானிக்க வேண்டும். அதில் சாமான் நிரப்பிய எடையைக் கணக்கிட வேண்டும். பிறகுதான் வண்டி பார்க்க வேண்டும். வண்டியை முதலில் வாங்கி விட்டுக் கேரவன் தேடுகிறவர்கள் கடைசியில் இரண்டையும் மாற்ற நேரிடும்.

ஆப்பிரிக்காவைக் கடந்த 41 வீடுகள்

கேரவன் உலகத்தில் வாலி பையம் என்ற அமெரிக்கர் மிகப் பிரசித்தம். வெள்ளி போலப் பளபளக்கும் "ஏர்ஸ்டிரீம்" கேரவன்களைச் செய்தவர் அவர். 1959-ம் ஆண்டு 41 கேரவன்களோடு ஒரு கூட்டம் அவர் தலைமையில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து புறப்பட்டது. சேறு, மணல், பாலைவனம் எல்லாம் கடந்து, 1960-ல் எகிப்தின் கெய்ரோ நகரை அடைந்தது.

அவர்களில் பலர் சாதாரணக் குடும்பத்தினர். அவர்கள் தங்கள் கேரவன்களை இழுக்க நம்பியது சொகுசுக் கார்களை அல்ல. உறுதியான பிக்-அப், டிரக் வகை வண்டிகளைத்தான்.

சந்தேகம் தீர்க்கும் எடை மேடை

இவ்வளவு கணக்கும் குழப்பமாக இருக்கிறதா? குழப்பத்தைத் தீர்க்க ஓர் இடம் உண்டு. அதுதான் லாரிகளை நிறுத்தும் எடை மேடை. நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இவை இருக்கின்றன. சின்னக் கட்டணம் கொடுத்தால் போதும், எடைச் சீட்டு கையில் கிடைக்கும்.

முதலில் குடும்பம் ஏறிய பிக்-அப்பை மட்டும் நிறுத்த வேண்டும். தரமணிக் குடும்பத்துக்கு 2,230 கிலோ காட்டும்.

அடுத்து கேரவனைப் பூட்டி, பிக்-அப்பின் நான்கு சக்கரமும் மேடைமேல் இருக்கும்படியும் கேரவன் சக்கரம் வெளியே இருக்கும்படியும் நிறுத்த வேண்டும். இப்போது 2,455 கிலோ காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 225 கிலோ. அதுதான் முன்பாரம்.

கடைசியாக இரண்டையும் சேர்த்து மேடைமேல் ஏற்ற வேண்டும். 4,030 கிலோ காட்டும். இந்த எண்களைக் கையேட்டோடும் ஆர்.சி. புத்தகத்தோடும் ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

எடை மேடைக்கு விளம்பரம் தெரியாது. அது பொய் சொல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவண்டியையும் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனி எண் உண்டு. இழுக்கும் வண்டியின் எண்ணையும் கேரவனின் பின்னால் எழுத வேண்டும். மத்திய அரசு 2004-ல் வெளியிட்ட வண்டி வகைப் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேரவன் வகை இழுவண்டிக்கும் இடம் உண்டு.

எனவே பட்டறையில் வீட்டைக் கட்டிப் பூட்டினால் மட்டும் போதாது. கேரவன் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். எந்த வகையில் பதிவு, எந்த லைசென்ஸ், என்ன இன்ஷூரன்ஸ் என்பதை அங்கேயே கேட்டுக் கொள்வது நல்லது. பதிவு இல்லாத வண்டியால் விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுக்கு அலைய நேரிடும்.

பழகிக் கொள்ள வேண்டும்

கேரவனோடு முதல் நாளே உதகைக்குப் புறப்படக் கூடாது. ஆளில்லாத மைதானத்தில் பழக வேண்டும்.

பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். ஸ்டீரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவன் வலப்பக்கம் போகும். அதற்கு ஒரு சுலப வழி உண்டு. ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தைக் கையால் பிடித்துக் கொள்ள வேண்டும். கேரவன் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் சரியாகப் போகும்.

கேரவன் பிக்-அப்பை விட அகலம். பின்னால் வருவது தெரியாது. ஆகவே நீண்ட கையுள்ள கண்ணாடிகள் இரு பக்கமும் வேண்டும். திருப்பத்தில் கேரவன் சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும். அகலமாகத் திரும்பினால்தான் ஓரத்துக் கல்லில் ஏறாது.

மேலே ஏறலாம், கீழே?

தரமணிக் குடும்பம் இப்போது மேட்டுப்பாளையம் வந்து விட்டது. எதிரே நீலகிரி. உதகை 7,000 அடிக்கு மேல் உயரம். பிக்-அப் பலமுள்ளது. ஏறிவிடும்.

ஆனால் திரும்பும்போது சுமார் 6,000 அடி இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ். பின்னால் 1,800 கிலோ வீடு.

மலை டிரைவர்களின் பழைய விதி ஒன்று உண்டு. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. காலை பிரேக்கிலேயே வைத்துக் கொண்டு இறங்கினால் பிரேக் சூடாகும். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வெறும் கார்களுக்கே அங்கே பிரேக் போன கதைகள் உண்டு.

விவரம் தெரிந்த குடும்பம் என்ன செய்யும்? கேரவனை அடிவாரத்தில் பத்திரமான இடத்தில் கழற்றி நிறுத்தி விடும். பிக்-அப்பில் மட்டும் மலை ஏறும். ராத்திரி உதகையில் ஒரு விடுதியில் தங்கினால் கௌரவம் குறைந்து விடாது. பாட்டியும் நிம்மதியாகத் தூங்குவாள்.

மேலே போக முடியுமா என்று பார்த்து வண்டி வாங்குகிறவர் பாதிக் கணக்குத்தான் போடுகிறார். கீழே இறங்கி, அப்பா, அம்மா, பாட்டி, குழந்தைகள் எல்லோரும் தரமணி வீட்டு வாசலில் சுகமாக வந்து இறங்க வேண்டும். அதற்குத் தகுந்த வண்டியே நல்ல வண்டி.